பங்க் அம்மா கேட்டது

போனை அணைத்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் அந்த அம்மாவுக்குப் போதாது. போனைத் திருப்பிக் காட்ட வேண்டும். திரை கறுத்திருப்பதை இரண்டு விநாடி பார்த்துவிட்டு, "சரி, மூடியத் தொற" என்பார். அதுவரை பெட்ரோல் குழாயின் மூக்கு வானத்தைப் பார்த்தபடி அவர் கையில் நிற்கும். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தாலும் அது இறங்காது.

ஆரணியிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது அந்தப் பெட்ரோல் பங்க். ஊரில் எல்லோருக்கும் அவர் பங்க் அம்மா. பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கு நான் செய்ததைத்தான் எழுதப்போகிறேன். ஒரு நாள் நாலு பேர் முன்னால் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அதனால் ஓர் இளைஞன் செத்தான்.

குள்ளமான உருவம். புடவைக்கு மேல் பங்க்கின் காக்கிச் சட்டை, அதன் கை முழங்கைக்குக் கீழே தொங்கும். இடுப்பில் எப்போதும் ஒரு பழந்துணி செருகியிருக்கும். குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. வண்டிக்காரர்களுக்கு அவரைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"மொதல்ல போன ஆஃப் பண்ணு. அப்புறம் பேசு."

"போன ஆஃப் பண்ணிட்டு எப்படிம்மா பேசறது?"

"ஆண்டவன் வாய் குடுத்திருக்கான் இல்ல, அதால பேசு."

இதே பேச்சை ஒரே ஆள் மாதத்துக்கு ஒரு தடவை பேசுவான். அவரும் அதே பதிலை அதே மாதிரி சிரிக்காமல் சொல்வார்.

எங்கள் ஊரில் முதன்முதலாகச் செல்போன் வாங்கியவர்கள் பட்டு வியாபாரிகள். பையில் போட்டால் யாருக்கும் தெரியாதே என்று அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவது அன்றைக்குப் பெரிய கௌரவம், ஏனென்றால் அங்கே எப்படியும் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். ஒரு வியாபாரி வெள்ளைக் காரில் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார். அம்மா குழாயைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"சென்னை பார்ட்டிம்மா. லைன் கட்டாயிடும்."

"கட்டாவட்டும்."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியுங்க. பெட்ரோலுக்குத் தெரியாதே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வியாபாரி பெட்ரோல் போடாமலே போனார். ஆனால் அடுத்த வாரம் வந்தார். அம்மா கேட்பதற்கு முன்பே அணைத்த போனைக் கண்ணாடி வழியாக நீட்டினார். நான் அந்த வரிசையில் என் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த அம்மாவை அன்றைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மற்றவர்களைத்தானே நிறுத்தினார்.

போன் வருவதற்கு முந்தைய வருஷங்களில் அவருடைய எதிரி பீடி. காதில் செருகியிருக்கும் பற்றவைக்காத பீடியைக்கூட எடுத்துக் கீழே போடச் சொல்வார். "பத்த வைக்கலியேம்மா" என்றால், "வைக்க மாட்டன்னு எழுதிக் குடு" என்பார். பிறகு கம்பெனிக்காரர்கள் குறுக்கே கோடு போட்ட போன் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அன்று முதல் பீடியோடு போனும் சேர்ந்துகொண்டது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், போனில் அப்படி என்னம்மா இருக்கிறது என்று.

"அது எனக்கு இன்னா தெரியும் சார்? தெரிஞ்சவங்க சொன்னா கேட்டுக்கணும்."

இதுதான் அந்த அம்மா. தெரிந்தவர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவர் சொன்னதை முழுசாகச் செய்வார். அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொன்னாராம் டாக்டர். வீட்டிலிருந்த ஊறுகாய் ஜாடியை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் அவர்களுக்கும் ஆகாதே என்று தோன்றி, போய்த் திரும்பக் கேட்டு வாங்கிவந்து, குழி தோண்டிக் கொட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதம் பேசவில்லையாம். இதை அவரே எனக்குச் சொன்னார், தான் செய்தது வேடிக்கை என்பதே தெரியாமல்.

போன் சண்டையாவது எப்போதோ ஒரு தடவைதான். கேன் சண்டை தினமும் நடந்தது.

தறி வீடுகளில் கரண்ட் போனால் விளக்குக்காகச் சின்ன ஜெனரேட்டர் ஓட்டுவார்கள். அதற்குப் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் வாங்க வருவார்கள். கேனைத் தரையில் வைத்தால்தான் அம்மா ஊற்றுவார். தறிக்காரர்களோ தரையில் வைக்கவே மாட்டார்கள். பங்க் தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அது கேனின் அடியில் ஒட்டும். அந்தக் கேனை வண்டியில் பட்டு நூலுக்குப் பக்கத்தில் வைத்தால் கறை ஏறும். நூலில் ஏறிய எண்ணெய்க் கறை எந்தச் சாயத்திலும் மறையாது. ஆரணியில் பிறந்த எவனும் இதைத் தாய்ப்பாலோடு கற்றிருப்பான். அதனால் கேனை மடியில் வைத்துக்கொண்டோ, வண்டியிலேயே வைத்தபடியோ, "இப்படியே ஊத்தும்மா, நூலு கெட்டுடும்" என்று கெஞ்சுவார்கள்.

"கீழ வை. அடிய நான் தொடச்சித் தர்றேன்."

அதற்குத்தான் இடுப்பில் அந்தத் துணி. ஊற்றி முடித்ததும் கேனைத் தூக்கி, அதன் அடியை ஒரு குழந்தைக்குத் துடைப்பதுபோலச் சுற்றிச் சுற்றித் துடைத்துத் தருவார். ஒரு நாளைக்கு முப்பது கேன் என்றால் முப்பது தடவை. இன்னொரு பழக்கமும் இருந்தது. குழாயை எடுப்பதற்கு முன் பம்ப்பின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்து, பிறகு கண்ணில் ஒற்றிக்கொள்வார். கோயில் தூணைத் தொட்டுக் கும்பிடுவது மாதிரி இருக்கும். பார்த்தவர்கள் அது பக்தி என்றே நினைத்தார்கள்.

அது பக்தி இல்லை. அவர் கணவர் டேங்கர் லாரி ஓட்டியவர். இவர் வேலைக்கு வருவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். பெட்ரோலை இறக்குவதற்கு முன் டேங்கரிலிருந்து ஒரு கம்பியை எடுத்துத் தரையில் அடித்த முளையில் மாட்டுவார்களாம். கணவர் இவருக்கு அதைச் சொல்லியிருந்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"வண்டி ஓடி ஓடி அதுக்குள்ள ஒரு கோவம் ஏறி இருக்குமாம் சார். அத மண்ணுக்குள்ள எறக்கிட்டுத்தான் பெட்ரோல தொடணுமாம். கேனுக்கும் கோவம் இருக்கும், மனுசனுக்கும் இருக்கும்னு சொல்வாரு. அதான் கேன கீழ வைக்கறது, நான் இரும்பைத் தொடறது."

நான் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் கற்பித்தவன். ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்பில் கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்து, காகிதத் துணுக்குகள் அதில் வந்து ஒட்டுவதைக் காட்டுவேன். எங்கள் ஊரில் அதற்குத் துணி தேட வேண்டியதில்லை. தறி வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு கொண்டுவருவார்கள். உரசினால் மின்சாரம் சேரும். தரையைத் தொட்டால் மண்ணுக்குள் போய்விடும். போக வழியில்லாவிட்டால் பக்கத்தில் வரும் இரும்புக்குச் சின்னப் பொறியாகத் தாவும். பெட்ரோல் ஆவிக்கு அந்தப் பொறி போதும். அந்த டேங்கர் டிரைவர் கோபம் என்று சொன்னது இதைத்தான். புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே சொல்லியிருந்தார். கேட்டபோது எனக்கு வியப்பாகக்கூட இருந்தது. ஆனால் "உங்க வீட்டுக்காரர் சொன்னது ரொம்ப சரிம்மா" என்று நான் சொல்லவில்லை. அப்போது சொல்லாததற்குக் காரணம் எதுவும் இல்லை. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகு பெங்களூரிலிருக்கும் என் மகன் எனக்கு ஒரு செல்போன் வாங்கித் தந்தான். அதற்குள் ஊரில் கீரை விற்கிறவரிடமும் போன் வந்துவிட்டது. ஒரு நாள் காலை பங்க் வரிசையில் நின்றபோது மகன் கூப்பிட்டான். பேசிக்கொண்டே முன்னால் போனேன். குழாய் வானத்தைப் பார்த்தது.

"சார், போனு."

"ஒரு நிமிஷம்மா."

"நிமிசமெல்லாம் இல்ல சார். படிச்சவங்க நீங்களே இப்படி பண்ணா, படிக்காதவன நான் இன்னான்னு கேக்கறது?"

உள்ளூர்ப் பள்ளியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு, வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் மாணவர்களாகத்தான் இருப்பார்கள். யாரோ பின்னாலிருந்து, "சாரையே பெஞ்சு மேல ஏத்திட்டாங்கடா" என்றான். சிரிப்பு கேட்டது. நான் போனை அணைத்தேன். அணைத்ததைத் திருப்பிக் காட்டவும் செய்தேன். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் என் காது சுட்டது.

பங்க் முதலாளியும் என் மாணவர்தான். அவரிடம் போய், போனால் பெட்ரோல் பற்றும் என்பதற்கு ஆதாரமே இல்லை, அதிலிருக்கும் சக்தி அதற்குப் போதாது, படித்த நீங்கள் இந்த மூடநம்பிக்கையை நடத்தலாமா என்று கேட்டேன். அவருக்கும் அந்த அம்மாவால் தொல்லை இருந்தது. கண்ணமங்கலம் பக்கம் புதிதாக ஒரு பங்க் வந்திருந்தது. அங்கே யாரும் போனைக் கேட்பதில்லை, கேனையும் கேட்பதில்லை. "நீங்களே ஒரு நாள் வந்து செஞ்சு காட்டுங்க சார். அது நான் சொன்னா கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்" என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று பங்க்குக்குப் போனேன். பம்ப்புகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பொரி, சுண்டல் கொடுத்து முடிந்ததும் எல்லோரும் பின்பக்கக் காலி மனைக்கு வந்தோம். ஒரு தட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றச் சொன்னேன். அதன் விளிம்பை ஒட்டி என் போனை வைத்தேன். முதலாளி தன் போனிலிருந்து கூப்பிட்டார். மணி அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அறுபது எழுபது பேர் கை தட்டினார்கள். வகுப்பறையில்கூட எனக்கு அப்படிக் கை தட்டியதில்லை.

"பாத்தியாம்மா?" என்றார் முதலாளி.

அந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் காரணம் கேட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"அப்ப மத்ததெல்லாம் சார்? கேன கீழ வைக்கறது, இரும்பைத் தொடறது... அதுவும் சும்மாவா?"

யாரோ ஒருவன், "அதுவும் மூடநம்பிக்கதான் ஆத்தா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மட்டும் நிஜம் அம்மா, போனை விட்டுவிடுங்கள், கேனை விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஐந்து விநாடி போதும். சொன்னால், அந்த அம்மா பாதி சரி என்று ஆகிவிடும். கைதட்டலின் ருசி அப்போதுதான் நாக்கில் பட்டிருந்தது. நானும் சிரித்தேன். சத்தமாகக்கூட இல்லை, மற்றவர்களோடு சேர்ந்து, தலையை லேசாக ஆட்டியபடி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க சார்" என்றார்.

மறுநாளிலிருந்து குழாய் வானத்தைப் பார்க்கவில்லை. "இனிமே கஸ்டமர பேஜார் பண்ணாத, ஜல்தி ஜல்தியா அனுப்பு" என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் அவர் மாறியது முதலாளி சொன்னதால் இல்லை, நான் சிரித்ததால். இடுப்பிலிருந்த துணி காணாமல் போயிற்று. பம்ப்பின் உடம்பில் கை வைப்பதும் நின்றுபோனது. தறிக்காரர்கள் கேனை நீட்டியபடி, "சாரே சொல்லிட்டாரு" என்பார்கள்; அவர் ஊற்றுவார். கொஞ்ச நாளில் அந்த வார்த்தை எதற்கெல்லாமோ பயன்பட்டது. ஹெல்மெட் போடாதவன்கூடச் சாரே சொல்லிட்டாரு என்றான். எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பங்குனி மாதம். காற்றில் ஈரமே இல்லாத பகல் நேரம். தேவிகாபுரத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், இருபத்திரண்டு வயது, ஆரணியில் சாயம் போட்டுக் காய்ந்த பட்டு நூல் மூட்டைகளை ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு பங்க்குக்கு வந்தான். தூசி படக்கூடாது என்று வண்டியின் தரையிலும் மூட்டைகள் மேலும் பாலித்தீன் விரித்திருந்தான். கேன் அந்தப் பாலித்தீனின் மேல் இருந்தது. வண்டி ஓடும்போதெல்லாம் அங்கேயும் இங்கேயும் உரசிக்கொண்டே வந்திருக்கும். அவன் வண்டியின் பின்னால் ஏறி, மூட்டைகள்மேல் சறுக்கிக்கொண்டு வந்து, கேனை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டான். இன்னொரு கையில் போன். பேசிக்கொண்டிருந்தான்.

பக்கத்துப் பம்ப்பில் நின்றவர் பிறகு எனக்குச் சொன்னார், அம்மா ஒரு கணம் தயங்கினாராம். "தம்பி, கீழ வச்சிக்கலாமே" என்றாராம்.

"நூலு இருக்குக்கா, எண்ணெ ஒட்டிக்கும்" என்றானாம் அவன். போனிலிருப்பவரிடம், "ஒண்ணுமில்லமா, பெட்ரோல் போட்டுகினு இருக்கேன், வந்துடறேன்" என்றானாம். பேசியது அவன் அம்மாவிடம்.

குழாயின் மூக்கு கேன் வாயை நெருங்கியபோது தீ வந்தது. சத்தம்கூட இல்லையாம். அம்மா குழாயைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அவனைப் பிடித்து வண்டியிலிருந்து இழுத்தார். விடவில்லை. மணலை வாரிக்கொண்டு மற்றவர்கள் ஓடிவரும்வரை எரிகிற சட்டையை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் அவன் மூன்றாம் நாள் இறந்தான். அம்மாவின் கைகள் பிழைத்தன, ஒரு மாதிரியாக.

விசாரிக்க வந்த அதிகாரியை முதலாளி என் வீட்டுக்கே அழைத்துவந்தார்.

"நீங்க பிசிக்ஸ் வாத்தியார்னு சொன்னாங்க. பையன் போன் பேசிகினு இருந்திருக்கான். போனால இப்படி புடிக்குமா சார்?"

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனால் இல்லை, கேனால் என்று சொன்னால் அடுத்த கேள்வி, கேனைக் கீழே வைக்க வேண்டாம் என்று அந்த அம்மாவுக்குச் சொன்னது யார் என்பதாக இருக்கும். நான் அதை நன்றாகவே யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"பிடிக்கலாம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

என் தட்டையும் போனையும் பார்த்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களே எனக்காக ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குச் சார் காட்டியது வெறும் ரிங். ரிங்கில் பற்றாது, பேசினால்தான் பற்றும் என்றார்கள். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. போன் பேசுகிறவனைத் தடுக்காமல் பெட்ரோல் ஊற்றியவள் என்று எல்லோரும் அந்த அம்மாவைச் சொன்னார்கள். வேலை போயிற்று. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அந்தப் பையனின் தாய் அவர் வாசலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றினாராம்.

"எல்லாரையும் தடுத்தியேடி, என் புள்ளய மட்டும் ஏன்டி தடுக்கல?"

அம்மா கட்டுப்போட்ட கைகளோடு நிலைப்படியில் நின்று அதை முழுவதும் கேட்டாராம்.

அதன் பிறகு கொஞ்ச காலம் எங்கள் ஊருக்குப் போன் என்றாலே பயம். பங்க்குக்கு நூறு அடி முன்பே வண்டியை நிறுத்தி அணைப்பார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்கள்கூட அணைத்தார்கள். அணைத்த போனைப் பையில் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கேனை மடியில் வைத்து பெட்ரோல் வாங்கிப் போனார்கள். அதை நான் என் மொபெட்டில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் வாய் திறக்கவில்லை. பிறகு பயம் தேய்ந்தது. வருஷங்கள் போகப்போக யாரும் அணைப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது என்னால் வண்டி ஓட்ட முடியாது. சென்ற திங்கட்கிழமை நான் போன ஆட்டோ அதே பங்க்கில் நின்றது. டிரைவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பணம் கட்ட, பம்ப்பில் ஒட்டியிருந்த கட்டம் கட்டமான படத்துக்கு நேரே போனைப் பிடித்தார். அதற்கு மேலேயே குறுக்குக்கோடு போட்ட போன் படம், வெயிலில் வெளுத்துப்போய்.

"இது ஒண்ணும் ஆவாதாப்பா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் ஆவும்? அதெல்லாம் அந்தக் காலத்துல யாரோ கெளப்பிவுட்டது."

டிரைவரிடம் வீட்டுக்கு வேண்டாம், வேறு இடத்துக்குப் போ என்றேன்.

அந்த அம்மா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மகளோடு இருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து, "சாரா? உள்ள வாங்க சார்" என்றார். மகளிடம், "காபி போடு. போன அடுப்புகிட்ட எடுத்துகினு போவாத" என்றார். இரண்டு கைகளிலும் தோல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கடைசி இரண்டு விரல்கள் நிமிர்வதில்லை. நான் காபி வரும்வரை காத்திருக்கவில்லை.

"அன்னிக்கு தீ புடிச்சது போனால இல்லம்மா."

"அப்ப?"

"கேனால. தரையில இருந்திருந்தா புடிச்சிருக்காது. உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி."

அவர் மகளைக் கூப்பிட்டு டி.வி.யை நிறுத்தச் சொன்னார்.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும் இது?"

"நீங்க கேட்ட அன்னிக்கே தெரியும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ண மூடினா அந்தப் பையன் காதுல இருந்த போனுதான் சார் தெரியுது. கைய நீட்டி அத வாங்கி இருந்தா பொழச்சிருப்பானேன்னு தெனம் நெனக்கறேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"மொதல்ல அங்க இல்ல சார் போயிருக்கணும்?"

"நாளைக்குப் போறேன்."

"போயிட்டு வந்து சொல்லுங்க. கல்யாணம் காட்சில என்ன பாத்தா எந்திரிச்சிப் போயிடுவாங்க சார். ஒரே ஒருதரம் அவங்க மூஞ்சிய பாத்துப் பேசணும். சாவறதுக்குள்ள."

செவ்வாய்க்கிழமை தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெண்மணி கூடையில் வேர்க்கடலை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு அவர் முகம் தெரியாது. நான் இறங்கவில்லை. அடுத்த ஊர் வரைக்கும் இன்னொரு டிக்கெட் எடுத்தேன்.

நேற்று மாலை மகளின் போனிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"போனீங்களா சார்?"

"போனேன்."

"சொன்னீங்களா?"

அந்த இடத்தில்கூட நிறுத்தியிருக்கலாம்.

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"அழுதாங்க. உங்கமேல தப்பில்லன்னு சொன்னாங்க."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி வந்தது.

"வெள்ளிக்கிழம நான் போறேன் சார். பூவு, பழமெல்லாம் வாங்கிகினு காலைலயே போயிடறேன். மவ வண்டியில இட்டுகினு போறேன்னு சொல்றா. ரொம்ப நன்றிங்க சார்."

இன்று வியாழக்கிழமை. நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் மதியம் இதை எழுத உட்கார்ந்தேன். அது போய்விட்டது. தேவிகாபுரத்துக்கு இனி ஆறு மணிக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் கடைசி.